கவாத்து அடிச்சு எத்தனை நாள்?

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். அதற்குள் நம் இணையப் படிவத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். மற்ற கேள்விகள் எல்லாம் ஒழுங்கான எழுத்துத் தமிழில் இருக்க, முதல் கேள்வி மட்டும் 'கவாத்து அடிச்சு எத்தனை நாள்?' என்று தோட்டத்து வரப்பில் நின்று கேட்பதுபோல் இருக்கிறது, இதைக் 'கவாத்து செய்யப்பட்ட தேதி' என்று மாற்றலாமா என்று மிகுந்த பணிவோடு கேட்டிருந்தார். ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒரு கடிதம் வருவது பெரிய பாக்கியம். ஒரு வரியில் 'வேண்டாம்' என்று பதில் எழுதியிருக்கலாம். ஆனால் என்னிடம் இப்போது நேரம் நிறைய இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சம்பாதிக்க நான் பட்ட பாட்டைப் புதிதாக வந்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொண்டால் தப்பில்லை.

நான் சேர்ந்த காலத்தில், திராட்சை விவசாயிகளே சேர்ந்து நடத்தும் நம் நிறுவனத்துக்கு வேலை வந்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை விவசாயிகள், அலுவலகமோ தேனியில். ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுவார். இன்னொருவர் வாட்ஸப்பில் நான்கு நிமிடம் பேசி அனுப்புவார். அதில் மூன்று நிமிடம் டிராக்டர் சத்தம். சின்னமனூரில் பஸ் ஏறும் யாரிடமாவது சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. சீட்டு சில சமயம் மதுரை வரை போய்த் திரும்பும். நோய் பார்க்கும் குழு, சொட்டுநீர்க் குழு, மண் பரிசோதனைக் குழு என்று மூன்று குழுக்கள் இருந்தன. எந்த வேலை எந்தக் குழுவுக்கு என்று தினமும் காலையில் ஒரு கூட்டம் போட்டுச் சண்டை பிடிப்போம்.

இதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்குமுன் வேறொரு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறைக் கையேடுகள் எழுதிப் பழகியவள் நான். கையேட்டைப் பார்க்காமலே எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுவேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. ஒரே மாதத்தில் இணையப் படிவம் தயாரானது. விவசாயி தன் போனிலேயே நிரப்பி அனுப்பலாம். அனுப்பியதும் ஒரு எண் பிறக்கும். பதில்களைப் பார்த்து இயந்திரமே குழுவைத் தேர்ந்தெடுக்கும், வரிசையில் சேர்க்கும், விவசாயிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பும். கூடவே ஒரு விதியும் போட்டேன்: படிவ எண் இல்லாமல் ஜீப் கிளம்பாது.

முதல் பதிப்பில் 'எவ்வளவு அவசரம்?' என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். 'மிக அவசரம்', 'அவசரம்', 'சாதாரணம்' என மூன்று தெரிவுகள். முதல் வாரம் வந்த அத்தனை படிவமும் 'மிக அவசரம்'. நம் நிறுவனத்தின் காலண்டர் இன்னும் வரவில்லை என்று எழுதியவரும் மிக அவசரம்தான். ஆளாளுக்கு அவசரத்தை அளக்கவிட்டால் இப்படித்தான் ஆகும், எண்ணால் அளப்போம் என்று முடிவு செய்தேன். 'பிரச்சினை தொடங்கி எத்தனை நாள் ஆகிறது?' என்று கேள்வியை மாற்றினேன். மூன்று நாளுக்குள் என்றால் சிவப்பு. நோய்க் குழு உடனே போக வேண்டும். அதற்குமேல் இரண்டு வாரம் வரை மஞ்சள். அதையும் தாண்டினால் 'நாள்பட்டவை' என்ற பட்டியலுக்குப் போகும். நாள்பட்டவற்றில் பெரும்பாலும் மண்ணிலோ தண்ணீரிலோ கோளாறு இருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே அது மண் பரிசோதனைக் குழுவின் மாதக் கூட்டத்துக்கு.

அந்தக் கேள்வி சின்னப் போன்களின் திரையில் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டது. உடனே சுருக்கினேன். 'எத்தனை நாள்?' இரண்டே சொல். வேலையில் சேர்ந்த நாள் முதல் நான் எழுதியதிலேயே மிகச் சுருக்கமான வாக்கியம் அதுதான். இரண்டு மூன்று பேரிடம் பெருமையாகக் காட்டக்கூடச் செய்தேன்.

சோதனையும் நடத்தினோம், விதிப்படி. அலுவலகத்தில் ஏழு பேர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து படிவம் நிரப்பினோம். முப்பத்தைந்தும் சரியான குழுவுக்குப் போயின. நோய்க் குழுவில் பாண்டி என்று ஒரு கள அலுவலர் இருந்தார், உத்தமபாளையத்துக்காரர். அவர் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். பிறகு, 'எத்தனை நாள்னா என்ன நாள்னு கேப்பாக மேடம்' என்று இழுத்தார். முந்தைய கேள்வி பிரச்சினையைப் பற்றியது, அடுத்த கேள்வி அதன் தொடர்ச்சி, வரிசையாகப் படித்தால் யாருக்கும் புரியும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். நான் தேவதானப்பட்டிப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள். மாமரத்துக்கு யாரும் நாள் எண்ணுவதில்லை. இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் எச்சரிக்கை கூடலூர்ப் பக்கமிருந்து வந்தது. ஒரு படிவத்தில் 'எத்தனை நாள்?' என்பதற்கு நேரே '2' என்று இருந்தது. சிவப்பு. பாண்டி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஜீப்பை விரட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் பந்தல் கம்பி ஒரு மூலையில் தொய்ந்திருந்தது. பல மாதமாகவே தொய்ந்திருக்கிறதாம். தோட்டக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு கம்பிக்கு எதற்கு இவ்வளவு வேகமாக வந்தீர்கள் என்று விசாரித்திருக்கிறார். பாண்டி வந்து சொன்னதும் நான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். அந்த '2' எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. படிவத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் 'விவரங்களைக் கவனமாக நிரப்பவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று குறிப்பும் எழுதிவைத்தேன்.

அடுத்த இயக்குநர் கூட்டத்தில் வண்ண வரைபடம் காட்டினேன். சிவப்பு குறைவு, மஞ்சள் குறைவு, நாள்பட்டவை மட்டும் கோபுரம்போல் உயர்ந்திருந்தன. நம் விவசாயிகளிடம் நோயை ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப்போடும் பழக்கம் இருக்கிறது, விழிப்புணர்வு தேவை என்றேன். எதிரே இருந்தவர்கள் திராட்சை போட்டே தலை நரைத்தவர்கள். அவர்களில் ஒருவர், 'அப்படியா?' என்றார். வரைபடம் அழகாக இருந்ததால் மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

அது ஐப்பசி மாதம். விட்டுவிட்டு மழை. ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பழைய தரைவழித் தொலைபேசி அடித்தது. படிவம் வந்தபிறகு அதை எடுக்க ஆள் வைக்கவில்லை. நானே எடுத்தேன். பேசியவர் சுருளிப்பட்டிப் பக்கத்துப் பேச்சியம்மாள். இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை வைத்திருப்பவர். வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

"ஒரு வெவரம் கேக்கணும் ஆத்தா. மாசக் கூட்டம்னு மெசேஜ் வந்திருக்கு. அதுக்கு நான் வரணுமா, என் கொடி வரணுமா?"

படிவ எண்ணைக் கேட்டு வாங்கித் திரையில் தேடினேன். மூன்று நாளுக்கு முன் வந்த படிவம். இலையில் நோய், 'எத்தனை நாள்?' என்பதற்கு 38. நாள்பட்டவை. இயந்திரம் தன் கடமையைச் சரியாகச் செய்து, 'தங்கள் கோரிக்கை மாதாந்தரக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று பதிலும் அனுப்பியிருந்தது. அந்த வாக்கியம் நான் எழுதியது. எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. முப்பத்தெட்டு நாள் நோயை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது நம்மைக் குறை சொன்னால் எப்படி என்று, மரியாதையான சொற்களில்தான், கேட்டேன்.

பேச்சியம்மாளும் திருப்பிக் கேட்டார்.

"முப்பத்தெட்டு நாளா செவட்ட இருந்தா அங்கன கொடியா இருக்கும்? வெறகுதான் இருக்கும். அன்னைக்குக் கவாத்து அடிச்சு முப்பத்தெட்டு நாள். நீங்கதான கேட்டீக, எத்தன நாள்னு?"

திரையில் இருந்த அந்த 38-ஐ மறுபடியும் படித்தேன். பழைய கிளைகளை வெட்டிக் கொடியைக் கவாத்து செய்யும் நாள்தான் அங்கே வருடப் பிறப்பு. அன்றிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். பூ வருவது இத்தனையாவது நாள், பிஞ்சு பிடிப்பது இத்தனையாவது நாள், பறிப்பு நூற்றுப் பத்துக்குமேல். டீக்கடையில் ஒரு திராட்சை விவசாயி இன்னொருவரைப் பார்த்து 'எத்தன நாள்?' என்று கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அந்தக் கேள்வியை நான் வேறு எதற்கோ கேட்டு, வந்த பதிலை வைத்து வரைபடமும் போட்டிருக்கிறேன். தொய்ந்த கம்பிக்காரர் எழுதிய '2' எதுவென்று இப்போது விளங்கியது. கவாத்து முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது அவருக்கு.

பேச்சியம்மாள் தொடர்ந்து பேசினார். செவட்டை என்பது இலையின் அடியில் வெள்ளையாகப் படரும் பூஞ்சை. மழை ஈரத்தில் ஓடும். பூவிலும் பிஞ்சிலும் ஏறினால் கொத்து கருகி உதிர்ந்துவிடும். அவர் கடையில் சொன்ன மருந்தை இரண்டு முறை அடித்துப் பார்த்தும் நிற்கவில்லை. போன இரண்டு தடவையும் விளைச்சல் மழையில் போனது போதும், இதுவும் போனால் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைத்துவிடலாம் என்று கணவரும் கொழுந்தனாரும் பேசி முடித்துவிட்டார்களாம். தென்னங்கன்றும் வாங்கி வைத்தாகிவிட்டது. அந்தப் பந்தலைப் போட்டதும், பதினாறு வருடம் அதைப் பார்த்துக்கொண்டதும் பேச்சியம்மாள்தான். அழவில்லை, கெஞ்சவில்லை. இன்றைக்கு ஆள் வருமா வராதா என்று மட்டும் கேட்டார்.

அந்த நிமிடத்தில் என் முன்னால் இருந்த நடைமுறையைச் சொல்கிறேன். ஒரு கோரிக்கையை மாதப் பட்டியலிலிருந்து அவசரத்துக்கு மாற்றக் குழுவின் ஒப்புதல் வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வியைத் திருத்த மூன்று கையெழுத்தும் ஒரு வாரச் சோதனையும் வேண்டும். ஜீப் கிளம்பப் படிவ எண்ணோடு பதிவேட்டில் ஒப்புதல் எண்ணும் வேண்டும். எல்லாம் நான் எழுதியவை, ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் உண்டு. படிவத்தை முதலில் திருத்திவிட வேண்டும் என்று கை பரபரத்தது. தப்பைத் துடைத்துவிட்டால் தப்பே நடக்காத மாதிரி இருக்கும் அல்லவா? கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் கையை எடுத்தேன். நான் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தால் படிவம் நன்றாகிவிடும். அந்த நேரத்தில் கொடிகள் போய்விடும்.

நாள்பட்டவை பட்டியலை அச்செடுத்தேன். நோய் என்று எழுதியவர்கள் மட்டும் பதினோரு பேர். குறுஞ்செய்தி தானாகப் போவதை நிறுத்தச் சொன்னேன். பாண்டியைக் கூப்பிட்டேன், ஜீப் பதிவேட்டைத் திறந்தேன், ஒப்புதல் எண் என்ற கட்டத்தில் 'பின்னர்' என்று எழுதினேன். என் வேலைக் காலத்தில் நான் எழுதிய முதல் 'பின்னர்' அது. பாண்டி அதை எட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

போகிற வழியிலேயே மற்றப் பத்துப் பேரையும் அழைக்க வேண்டும். மடியில் பட்டியலை விரித்து, முதலில் வந்த படிவத்திலிருந்து ஆரம்பித்தேன். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது எந்தக் கையேட்டிலும் முதல் விதி. பாண்டி சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"வந்த வரிசையில கூப்புடாதீக மேடம். நாள் வரிசையில கூப்புடுங்க."

"அந்த எண்ணை நம்பித்தானே பாண்டி இவ்வளவு கூத்து?"

"எண்ணுல தப்பில்ல மேடம். நம்ம கேள்விதான் தப்பு. முப்பதுல இருந்து அம்பதுக்குள்ள இருக்குறவுகளப் புடிங்க. பூவும் பிஞ்சும் அங்கனதான் நிக்கும். நூறு தாண்டுனது நாளைக்கு வரைக்கும் தாங்கும்."

பட்டியலை மறுபடியும் பார்த்தேன். இத்தனை நாளும் அந்தக் கட்டத்தில் எனக்குத் தேவையான எண்தான் உட்கார்ந்திருந்தது. நோய் வந்து எத்தனை நாள் என்பதைவிட, நோய் வந்தபோது கொடி எத்தனையாவது நாளில் நின்றது என்பதுதான் அவசரத்தின் அளவு. நான் தப்பாகக் கேட்டேன். அவர்கள், நான் எதைக் கேட்டிருக்க வேண்டுமோ அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், பதினோரு பேரும், ஒருவர் பாக்கியில்லாமல். பாண்டியிடம் இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேனே மேடம் என்றார். உண்மைதான். சொன்னார்.

நாள் வரிசையில் அழைத்தேன். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் நான்கு பேர். அவர்களில் இருவர் ஓடைப்பட்டிப் பக்கம். இன்னொரு கள அலுவலரை மோட்டார் சைக்கிளில் அங்கே அனுப்பினேன். மூன்றாமவர் பேச்சியம்மாளுக்கு இரண்டு தோட்டம் தள்ளி. நான்காவது பேச்சியம்மாள். மீதிப் பேரிடம் நாளைக்கு வருகிறோம் என்று என் வாயாலேயே சொன்னேன். ஒருவர், 'மெசினு பேசும்னு நெனச்சேன், ஆளு பேசுறீக' என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சுருளிப்பட்டிக்குப் போகும்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மலைப் பக்கம் கறுத்திருந்தது. திராட்சைப் பந்தல் தாழ்வாக இருக்கும். நான் கொஞ்சம் உயரம். முதல் கம்பியிலேயே தலை இடித்தது. பேச்சியம்மாள் முன்னால் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"குனிஞ்சே வாங்க ஆத்தா. ஆபீசுல நிமிந்தே இருந்திருப்பீக."

குனிந்தே போனேன். குனிந்தால்தான் இலையின் அடிப்பக்கம் தெரிகிறது. வாய்க்கால் ஓரம் நான்கு வரிசை வெளுத்துப் போயிருந்தது. பாண்டி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார், மேலே பார்த்தார், கடையில் வாங்கிய மருந்தின் டப்பாவைக் கேட்டார். அது இலைக்கு மேலே வெண்மை படரும் வேறு நோய்க்கான மருந்து. இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் படிவத்தோடு இணைத்திருந்ததையும் பேச்சியம்மாள் அப்போதுதான் சொன்னார். தெளிவான படம். பாண்டி போனில் பார்த்த உடனே நோயின் பெயரைச் சொன்னார். மாதப் பட்டியலை மாதத்துக்கு ஒருமுறைதான் திறப்போம் என்பதால் மூன்று நாளாக அதை யாரும் பார்க்கவில்லை.

சரியான மருந்தைக் கம்பத்திலிருந்து வரவழைத்தோம். இலையில் அது காய மூன்று மணி நேரமாவது மழை பெய்யக்கூடாது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் மோட்டார் ஸ்பிரேயரையும் கொண்டுவந்தார். இரண்டு பக்கமிருந்தும் அடித்தார்கள். கொழுந்தனார் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தென்னை வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் இவர்தான் என்று பேச்சியம்மாள் அவருக்குக் கேட்கும்படியே எனக்கு அறிமுகம் செய்தார். ஐந்தாவது நிமிடம் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸைப் பிடித்தார். எனக்குக் கொடுத்த வேலை கறுத்த கொத்துகளைக் கிள்ளிக் கூடையில் போடுவது. நோய்க் குழுவின் கடமைகள் என்று நான் எழுதிய பட்டியலில் அது கிடையாது. இப்போது இருக்கிறது, பாருங்கள், ஒன்பதாவது வரி. மழை ஐந்தரை மணிக்குத்தான் வந்தது. அதற்குள் மருந்து காய்ந்திருந்தது.

வாய்க்கால் ஓர நான்கு வரிசை போனது போனதுதான். நான் தின்ற மூன்று நாளின் கணக்கு அது. மீதி நின்றது. ஓடைப்பட்டிக்காரர்களுக்கும், அன்றைக்கே நாங்கள் போய்ப் பார்த்த இரண்டு தோட்டம் தள்ளி இருந்தவருக்கும் பெரிய சேதம் இல்லை. மறுநாள் இயக்குநர்களைக் கூட்டி, போன மாதம் காட்டிய வரைபடத்தையே மறுபடியும் திரையில் போட்டு, இதில் எதுவும் உண்மையில்லை என்று சொன்னேன். அன்றைக்கு 'அப்படியா?' என்றவர், தான் அன்றைக்கே நினைத்ததாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்றேன். மேடம் படித்தவர், கம்ப்யூட்டர் வேறு சொல்கிறது என்றார். படிவம் போடுகிறவர்கள் பயப்பட வேண்டியது இந்த மாதிரி மௌனத்துக்குத்தான். தப்பான பதில் வந்தால் எப்படியும் ஒரு நாள் மாட்டிக்கொள்ளும். சரியான பதிலைத் தப்பான கேள்விக்குக் கீழே வாங்கிவைத்தால் எல்லாமே சரியாக இருப்பதுபோல் தெரியும், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பிறகு மூன்று கையெழுத்தும் வாங்கி, முறைப்படி படிவத்தைத் திருத்தினேன். சோதனையை இந்த முறை அலுவலகத்தில் வைக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் பேச்சியம்மாளின் பந்தலுக்குள் நின்று சத்தமாகக் கேட்டேன். 'கவாத்து செய்யப்பட்ட தேதி' என்றுதான் முதலில் கேட்டேன், உங்கள் நண்பர் பரிந்துரைக்கும் அதே வாக்கியம். பேச்சியம்மாள் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார், நடுவில் விட்டுவிட்டார், காலண்டர் எடுத்துவரப் போனார். திரும்பி வந்ததும் 'கவாத்து அடிச்சு எத்தனை நாள்?' என்றேன். நான் வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. இயந்திரமே இன்றைய தேதியிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளும். கணக்குப் போடத்தானே அதை வாங்கியிருக்கிறோம்?

ஆகவே அந்த வரியை விட்டுவிடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், தேனியில் பஸ் ஏறிப் போய் யாராவது ஒருவரிடம் நேரில் கேட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பாண்டி ஏதாவது இழுத்துப் பேசினால், முழுக்கக் கேளுங்கள். அவர் இப்போது உங்கள் குழுத் தலைவர் என்பதால் எப்படியும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற வாரம், தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு படிவம் வந்தது. கவாத்து அடிச்சு எத்தனை நாள்: 112. பிரச்சினை என்ன என்ற கட்டத்தில், 'பிரச்சன இல்ல. பழம் பறிக்கிறோம். தென்னங்கன்ன திருப்பிக் குடுத்தாச்சு. மேடம் குனிஞ்சே வரணும்' என்று எழுதியிருந்தது. பிரச்சினை இல்லாத கோரிக்கையை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. வகைப்படுத்த இயலவில்லை, பொறுப்பாளரைக் குறிப்பிடவும் என்று என்னிடமே கேட்டது. என் பெயரைப் போட்டேன். படிவ எண்ணும் ஒப்புதல் எண்ணும் இருந்ததால் ஜீப்பும் விதிப்படியே கிளம்பியது, பதிவேட்டில் 'பின்னர்' எதுவும் இல்லாமல்.

மாலையில் திரும்பி வந்து கோரிக்கையை முறைப்படி மூடினேன். 'மேற்கொண்ட நடவடிக்கை' என்ற கட்டத்தை நிரப்பாமல் மூட முடியாது. அதுவும் நான் போட்ட விதிதான். நிரப்பினேன்: 'குனிந்தேன். சாப்பிட்டேன்.'